ஆயில் சீல் விலையும் பிரேக் விலையும்

ராஜபாளையம், சோழபுரம் வட்டாரத்தில் ரோட்டோரம் நிற்கும் லாரிகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். சில வண்டிகளின் பின் சக்கரத்தின் உள்பக்கம் கருப்பாக, பிசுபிசுவென்று, மண் அப்பிக்கொண்டு இருக்கும். கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். லேசான கசிவு, அப்பப்போ ஆயில் ஊத்திக்கலாம்!

இந்த "ஊத்திக்கலாம்" என்பதில்தான் வில்லங்கமே இருக்கிறது. ஒரு லிட்டர், அரை லிட்டர் என்று ஊற்றும் ஆயில் கணக்கில் சில்லறைச் செலவாகப் போய்விடும். யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஹப்பைக் கழற்றி சீல் மாற்றினால் அது ஒரே நாளில் பெரிய செலவாகக் கண்ணில் படும், வண்டியும் ஒரு நாள் நிற்கும். அதனால் சின்னச் செலவு வருடக்கணக்கில் ஓடுகிறது, பெரிய செலவு தள்ளிக்கொண்டே போகிறது. காமர்ஸ் படித்தவர்களுக்கு இது புரியும். கணக்கில் எழுதாத செலவுதான் ஆளைக் கவிழ்க்கும்.

இதையே ஒரு ராணுவ லாரியில் வைத்து யோசித்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 1948-ல் தொடங்கி எண்ணூரில் வளர்ந்த அசோக் லேலண்ட் வடிவமைத்த 'ஸ்டாலியன்' லாரிதான் நம் ராணுவத்தின் முக்கியமான சுமை வண்டிகளில் ஒன்று. ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் இதைக் கட்டி ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் அங்கே 'சக்திமான்' இருந்தது, ஜெர்மனியின் மான் நிறுவன உரிமத்தில் 1996 வரை தயாரானது. (2021-ல் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளைப் பிரித்துத் தனி நிறுவனங்களாக ஆக்கியபோது, ஜபல்பூர் தொழிற்சாலை நம் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் வந்தது. சின்னப் பெருமைதான்!)

ராணுவ லாரிக்கு என்ன விசேஷம்? முன் ஆக்சிலும் இழுக்கும். சக்கரம் திரும்பவும் வேண்டும், அதே நேரத்தில் சுற்றவும் வேண்டும். பல மாடல்களில் இந்த இடத்தில் பெரிய உருண்டை வடிவக் கூடு ஒன்று இருக்கும், அதைச் சுற்றி ஒரு சீல். கல்லும் மணலும் பட்டு அந்த உருண்டையில் கீறல் விழுந்தாலோ, துரு பிடித்துக் குழி விழுந்தாலோ, புது சீல் போட்டாலும் சில நாளில் கிழிந்துவிடும். கீறலைச் சரி செய்யாமல் சீலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் சீல் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு விஷயம், ஆற்றைக் கடப்பது. ஓடிச் சூடான ஆக்சில் திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சத்தானே செய்யும்? சீல் தளர்ந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகும். ஆயில் வெளியே வரும் வழிதான் தண்ணீர் உள்ளே போகும் வழியும். பிறகு ஆயில் பால் ஊற்றிய காபி மாதிரி ஆகிவிடும், பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஆழமான தண்ணீரைக் கடக்க வேண்டிய வண்டிகளில் ஆக்சிலின் மூச்சுக்குழாயை ஒரு டியூப் போட்டு மேலே கொண்டு போவது இதற்காகத்தான்.

அந்த மூச்சுக்குழாய், அதாவது ப்ரீதர், பலருக்குத் தெரிவதே இல்லை. ஹவுசிங் மேலே சுண்டுவிரல் அளவுக்கு இருக்கும். மண் அடைத்துவிட்டால், சூட்டில் விரியும் காற்று போக வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். நல்ல சீலும் கசியும்! அடைப்பை எடுக்கச் செலவு ஏதும் இல்லை. ஆனால் அதைப் பார்க்காமலே சக்கரத்தைக் கழற்ற ஆரம்பிக்கிறார்கள். அதே போல ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் கசியும். ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் பொதுவாக அளவு. "இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்" என்பது சாப்பாட்டுக்குச் சரி, ஆக்சிலுக்குச் சரி வராது.

ஆகவே முதல் வேலை துடைப்பது. ஹவுசிங்கை நன்றாகக் கழுவி, காயவைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் பினியன் பக்கமா, ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் பேக்கிங்கா, ஹப் சீலா என்று தெரிந்துவிடும். ஹப் சீல் என்றால் வேலை அதிகம். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டுத்தான் இறங்க வேண்டும். சீலின் உதடு ஆயில் பக்கம் பார்த்திருக்க வேண்டும், நேராக இறங்க வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்தால் புது சீலும் பழசுதான்.

மிக முக்கியமானது பிரேக். ஹப் சீல் விட்டால் ஆயில் அடுத்துப் போகும் இடம் டிரம். ஆயில் குடித்த லைனிங் பிடிக்காது. பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் வழுக்கும், வண்டி இழுத்துக்கொண்டு போகும். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்கும்போது இப்படி நடந்தால் என்னாகும்? 3,500 மீட்டர் உயரத்தில் சோஜி லா கணவாயில், வரிசையாகப் போகும் ராணுவ வண்டிகளில் நடந்தால்? அந்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, தீயில் காட்டித் திரும்ப மாட்டுவது ஆபத்தான சிக்கனம். சூடேறும்போது உள்ளே ஊறிய ஆயில் மறுபடி மேலே வரும். அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் புது லைனிங் போடுவதுதான் முறை.

ராணுவத்தில் இதற்கென்றே 1943-ல் தொடங்கிய இ.எம்.இ. என்ற பொறியியல் படை இருக்கிறது. கெட்டுப் போவதற்கு முன்பே பார்ப்பது அங்கே ஒழுங்கு. ஒற்றை லாரி வைத்து இ.எம்.ஐ. கட்டுபவரை அதோடு ஒப்பிட்டுத் திட்டுவது நியாயமில்லைதான். வண்டி நின்றால் அவருக்கு அன்றைய வாடகை போச்சு. ஆனால் ஒரு சீலையும், அது விட்டால் கூடவே போகும் லைனிங், பேரிங், ஆயில் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், நிறுத்திச் சரி செய்வதுதான் மலிவு. விபத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ராணுவம் கழித்த வண்டிகளை ஏலத்தில் எடுப்பவர்கள் டயரையும் பாடியையும் பார்க்கிறார்கள். ஆனால் நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் சீல் காய்ந்து விறைத்துப் போயிருக்கும். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ஒரு வேலை செய்யலாம். ஒரு ராத்திரி அசையாமல் நிறுத்தி, காலையில் ஆக்சில் அடி ப்ளக்கைக் கொஞ்சம் தளர்த்தி, முதலில் சொட்டுவது தண்ணீரா ஆயிலா என்று பார்க்கலாம். தண்ணீர் என்றால் பெயிண்ட் அடிக்க வைத்திருக்கும் காசை முதலில் சீலுக்கும் பேரிங்குக்கும் ஒதுக்குங்கள்.