புல்லட்டுக்கு நகை போடாதீங்க

நவரை நடவு முடிஞ்சு கை கொஞ்சம் ஓய்ஞ்சிருந்த நேரம். உத்திரமேரூர் ரோட்டுல ஒரு பழைய புல்லட் எதிர்ல வந்தது. என்ஜின் மூடி, செயின் கவர், டூல் பாக்ஸ், நட்டு போல்ட்டு வரைக்கும் குரோம். வெயில்ல கண்ணு கூசிப்போச்சு. ஓட்டிட்டு வந்த தம்பி டீக்கடையில நிறுத்தி, "அப்படியே கம்பெனியில இருந்து இறக்கின மாதிரி இருக்கு இல்லண்ணா?"ன்னு கேட்டார். ஆசையா கேட்கிற பையன்கிட்ட என்ன சொல்றது? தலையாட்டிட்டு வந்துட்டேன். அங்க சொல்லாததை இங்க சொல்றேன்.

கம்பெனியில இருந்து அந்தக் காலத்துப் புல்லட் அப்படி வந்ததில்லை. 1955-ல மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல இருந்து வந்த அந்த 350-ல குரோம்னா சைலன்சர், ஹேண்டில்பார், ரிம், ஹெட்லைட் வளையம், இந்த மாதிரி சில இடம்தான். என்ஜினோட ரெண்டு பக்க மூடியும் அலுமினியம், பஃப் போட்டது. அதோட மினுமினுப்பு வேற, குரோமோட கண்ணாடிப் பளபளப்பு வேற. மூடிக்கு நடுவுல இருக்கிற கிராங்க் கேஸ் வார்த்தெடுத்தபடியே மங்கலா இருக்கும். மினுமினுப்பு, மங்கல், கறுப்பு மூணும் பக்கத்துல பக்கத்துல இருந்ததுதான் அந்த வண்டிக்கு அழகு.

இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும்னு நினைச்சுக்காதீங்க. கெடுத்த பிறகு தெரிஞ்சுக்கிட்டது.

எங்கப்பா வண்டி 1978 மாடல். அவர் போன பிறகு மாட்டுக்கொட்டகையில பதினோரு வருஷம் கிடந்தது. ஒரு கடையில கொண்டுபோய் விட்டு, "நல்லா பண்ணிடுங்க"ன்னு மட்டும் சொன்னேன். அவங்களும் அவங்களுக்குத் தெரிஞ்ச நல்லதைப் பண்ணிட்டாங்க. மூடியெல்லாம் குரோம். அது ரெண்டு மழைக்காலத்துல தோல் மாதிரி உரிஞ்சது. டேங்க்கை மருந்து போட்டு வெறும் தகரமா ஆக்கி, புதுக் கறுப்பு அடிச்சு, தங்கக் கோட்டுக்கு ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. அப்பா பால் கேன் கட்டுற கயிறு உரசி உரசி, வலது பக்கக் கோடு பாதி அழிஞ்சிருக்கும். அது இப்ப இல்லை. எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்காது.

டூல் பாக்ஸ் மூடி ஒண்ணு மட்டும் ஆணி டப்பாவுக்கு மூடியா வீட்டுலயே இருந்ததால தப்பிச்சது. அதை எதிர்வீட்டு நெசவுக்கார மாமாகிட்ட காட்டினேன். ஸ்டிக்கரையும் மூடியையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "இது ஜரிகை, அது டெஸ்டட்"ன்னார். நல்ல ஜரிகைன்னா பட்டு நூல் மேல வெள்ளி சுத்தி, அதுக்கு மேல தங்க முலாம். அந்த மஞ்சள் கத்தாது. மூடியில இருந்த கோடும் அப்படித்தான். ஆரம்பத்துல கொஞ்சம் தடிப்பு, வளைவுல மெலிசு, முடியற இடத்துல ஒரு சின்ன இழுப்பு. அந்தக் கோட்டை ஆலையில தூரிகையால கையில இழுப்பாங்க. ஸ்கேல் வெச்ச மாதிரி ஒரே அளவா இருந்தா அதுதான் தப்பு.

அதனால பழைய வண்டி வெச்சிருக்கிறவங்க முதல்ல சுரண்டாதீங்க, பாருங்க. நம்ம கைலாசநாதர் கோயில்ல, பல்லவர் மணற்கல் மேல பிற்காலத்துல பூசின சுதை உதிர்ந்த இடத்துலதானே பழைய உளி வேலை தெரியுது? வண்டியும் அப்படித்தான். டேங்க்கில முட்டி ரப்பரைக் கழட்டுங்க, அதுக்கு அடியில வெயில் படாத கறுப்பு இருக்கும். சீட்டுக்கு அடியில மட்கார்டைப் பாருங்க. ஹெட்லைட்டைக் கழட்டி உள்ளே டார்ச் அடிங்க. கம்பி பிரஷ் வேண்டாம், மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் போதும். எண்ணெய் அழுக்கு மாதிரி காப்பாத்துற பொருள் வேற இல்லை. நாற்பது வருஷத்து அழுக்கைத் துடைச்சா கம்பெனிப் பூச்சு அப்படியே நிக்கும்.

நட்டு போல்ட்டைத் தூக்கிப் போடாதீங்க. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள்ல கேட்மியம் பூச்சு அதிகம், சாம்பல் கலந்த வெள்ளை நிறம். கேட்மியம் விஷம், அதனால இப்ப அந்த வேலை செய்யறவங்க குறைவு. துத்தநாகப் பூச்சு போட்டா கிட்டத்தட்ட வரும், அதுலயும் ரொம்ப மின்னாததைக் கேளுங்க.

துரு பிடிக்குமேன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஏரிக்கரை ஊர்ல ஈரம் சும்மா விடாது. ஃபிரேமுக்கு நானும் பவுடர் கோட்டிங்தான் போட்டிருக்கேன், அதுல எனக்கு வருத்தமில்லை. ஆனா மூடிக்கு குரோம் எதுக்கு? பஃப் அடிக்கிறது அதைவிட செலவும் கம்மி. 'என் வண்டி, என் இஷ்டம்'னா சரி, குரோமே போட்டுக்குங்க. கம்பெனி மாதிரின்னு மட்டும் சொல்லாதீங்க.

போன வாரம் ஸ்டிக்கரை உரிச்சுட்டேன். டவுன்ல முன்னாடி கடை போர்டு எழுதிட்டிருந்த பெயிண்டர் ஒருத்தர், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லாம இருக்கார். மூடியை ஒரு பக்கம் வெச்சுக்கிட்டு, பழைய எண்ணெய் டின் மேல ரெண்டு கோடு இழுத்துக் காட்டினார். முதல் கோடு நல்லா வந்தது, ரெண்டாவது கொஞ்சம் ஆடிச்சு. டேங்க்கை அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்.