சீசன் வந்தால் நாங்கள் எங்கே போவது?

ஊரே சாரலுக்கு ஏங்கிக் கிடக்கும்போது, ஜூன் மாதம் வருகிறதே என்று வயிற்றில் புளியைக் கரைத்துக்கொள்பவள் நான். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் வருகிற கூட்டத்துக்கு ரூம் போதாது. நாங்கள் மாதம் முழுக்கக் கொடுக்கிற வாடகை, நாள் வாடகைக்கு விட்டால் சில நாளிலேயே கைக்கு வந்துவிடும். பிறகு எந்த வீட்டுக்காரருக்குத்தான் ஆசை வராது?

போன வருடம் மே மாதக் கடைசி. வீட்டுக்கார அண்ணாச்சி வாசலில் நின்றபடியே, "சீசன் வருதுல்லா, பத்து நாள்ல காலி பண்ணிக் குடுத்துருங்கம்மா" என்றார். "பள்ளிக்கூடம் திறக்கப் போகுதே அண்ணாச்சி, பிள்ளைகளை எங்க கொண்டு போக?" என்றேன். "அது உங்க பாடு" என்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் சுவிட்ச் அவர் வீட்டுப் பக்கம் இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயில் நின்றது நான்தான். போதாததற்கு, அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது முன்பின் தெரியாத நாலு ஆம்பளைகளைக் கூட்டிவந்து, "இது ஹால், அது பாத்ரூம்" என்று காட்டினார். அந்தக் கூச்சத்தை இன்னும் மறக்க முடியவில்லை. காலி செய்யச் சொல்வது குடும்பத்தலைவரிடம். அனுபவிப்பது வீட்டிலிருக்கிற பெண்.

நல்ல வேளை, குடிவந்தபோது என் தம்பி வற்புறுத்தி வாடகை ஒப்பந்தம் எழுதி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வைத்திருந்தான். "பதினோரு மாசத்துக்கு இது என்னத்துக்குடா?" என்று அன்றைக்குச் சிரித்தவள் நான். பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்த அந்தக் காகிதத்தை அன்றுதான் முதன்முதலாகப் படித்தேன். கெடு அக்டோபர் வரை இருந்தது!

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்டசபையில் நிறைவேறியது 2017-ல். பழைய 1960-ஆம் வருடச் சட்டம் போய்விட்டது. புதுச் சட்டப்படி, ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேற்ற வேண்டுமானால் வீட்டுக்காரர் வாடகை நீதிமன்றத்துக்குப் போய், வாடகை பாக்கி, உள்வாடகை என்று சட்டத்தில் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். சீசன் அந்தக் காரணங்களில் இல்லை. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், விசாரணை முடியுமுன்பே திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் உத்தரவிடலாம். வீட்டைப் பார்க்க வருவதென்றாலும் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் சொல்ல வேண்டுமாம். இதைப் படித்தபோது எனக்கு அந்த நாலு ஆம்பளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

வாடகையைத் தேதி தவறாமல் அவர் வங்கிக் கணக்கில் போட்டோம். மனு எழுதி, கொடுக்குமுன் அண்ணாச்சியிடம் ஒரு தடவை காட்டினோம். அன்று சாயங்காலமே தண்ணீர் வந்தது. முகம் கொடுத்துப் பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். பரவாயில்லை.

பக்கத்துப் போர்ஷன் அக்காவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆறு வருடமாக எல்லாம் வாய்ப்பேச்சுதான். அட்வான்ஸ் கொடுத்ததற்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே காரணமாகக் காட்டி வெளியேற்றவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது என்று தெரிந்ததும் அவர்களுக்குக் கை கால் ஓடவில்லை. ஜூன் முதல் வாரமே சாமான்களை ஏற்றிக்கொண்டு மாமியார் ஊருக்குப் போனார்கள். பத்தாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு அந்த வருடம் பள்ளிக்கூடம் மாறிப்போச்சு.

வீட்டுக்காரர்களை மட்டும் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் பெரியம்மா வீட்டில் குடியிருந்தவர், பழைய சட்டம் இருந்த நாளில், அற்ப வாடகையைக் கொடுத்துக்கொண்டு இருபது வருடம் நகரவே இல்லை. பெரியம்மா கோர்ட்டுக்கு அலைந்தே ஓய்ந்து போனார். அதனால்தான் கெடு முடிந்த பிறகும் ஒட்டிக்கொண்டிருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. அக்டோபரில் சொன்ன தேதிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டோம். ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்பதையும் எழுதியே கொடுத்தோம். வெள்ளையடிக்கக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்தார்.

இப்போது தென்காசி ஊருக்குள்ளேயே வந்துவிட்டோம். இந்த வீட்டைப் பார்க்கப் போனபோது, என் வீட்டுக்காரர் வாடகை எவ்வளவு என்று கேட்டார். நான், மோட்டார் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டேன்.

– ஒரு வாசகி, தென்காசி.