கூடாரம் அடிக்கும் முன் கரையைக் கேளுங்கள்

'அலை உங்கள் வாசலுக்கே வரும்' என்று அச்சிட்ட விளம்பரத் தாள் ஒன்று, சென்ற தை மாதம் எங்கள் துறை அறைக்கு வந்து சேர்ந்தது. மேலே நீல வானம், நடுவே மஞ்சள் நிறக் கூடாரங்கள், கீழே அவற்றின் கயிற்றை நனைக்குமாறு வந்து நிற்கும் நுரை. ஓர் இரவுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு. உணவும் தீமூட்டிப் பாடும் நிகழ்ச்சியும் அதில் அடக்கம். இளங்கலை இறுதியாண்டு மாணவர்களை இரண்டு நாள் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதென்று நாங்கள் முடிவு செய்திருந்த வேளை அது. தாளைப் பார்த்தவுடன் அறையில் பாதிப்பேர் "இதுதான் இடம்" என்றார்கள். வேண்டாம் என்ற எங்களுக்கு அன்றைக்குக் கிடைத்த பெயர், 'கடலைக் கண்டால் அஞ்சும் கம்மாபுரத்தார்'.

பெயரை மறுக்கவில்லை. கம்மாபுரத்திலிருந்து கடல் ஐம்பது அறுபது கிலோமீட்டர். விருத்தாசலத்துப் பீங்கானையும் நெய்வேலி நிலக்கரியையும் செம்மண் முந்திரியையும் அறிந்த அளவுக்கு எங்களவர் உப்புக்காற்றை அறியார். ஆயினும் 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, கடலையே பாராத எங்கள் வட்டார முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. கடல் எவ்வளவு தூரம் நடக்கும் என்பதை உள்நாட்டில் இருந்தபடியே கற்றவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதை இங்கே வைக்கிறோம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

முதலில் எங்கள் குற்றச்சாட்டு. கடற்கரையில் கூடாரம் அடிக்க இடம் தேடுபவர் இன்று பார்ப்பது காட்சியை மட்டுமே. எந்த இடத்தில் நின்றால் படம் நன்றாக விழும், எந்த இடத்தில் படுத்தால் அலையோசை காதில் மோதும் என்பவையே அளவுகோல்கள். அந்த மணல் யாருடையது, நேற்று இரவு நீர் எதுவரை வந்தது, அங்கே வேறு யாருக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்பதில்லை. கரையை வெற்றிடம் என்று கொள்வதிலிருந்துதான் எல்லாத் தவறும் தொடங்குகிறது. அந்தத் தவற்றை மற்றவர் செய்தால் பொறுக்கலாம். தமிழ் படித்தவர் செய்தால் பொறுக்க முடியவில்லை.

ஏன் என்றால், கரை வெற்றிடமன்று என்பதை நம்மைவிட முன்பே சொல்லி வைத்த இலக்கியம் வேறில்லை. நெய்தல் திணையின் சொற்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். அலை கொண்டுவந்து குவித்த மணல் மேடு, எக்கர். அதன்மேல் படர்ந்து மணலைப் பிடித்துக்கொள்ளும் கொடி, அடும்பு. அதற்கப்பால் தாழையும் ஞாழலும் புன்னையும் செறிந்த சோலை, கானல். உப்பு நீர் உள்ளே வந்து தேங்கும் இடம், கழி. பரதவர் வாழும் ஊர், பாக்கம். இவற்றை நாம் கருப்பொருள் பட்டியல் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஐந்து மதிப்பெண் வினாவாக்கி, மாணவனை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். உண்மையில் இது ஒரு கரையின் குறுக்குவெட்டுப் படம். கடலிலிருந்து நிலத்தை நோக்கி நடக்கும் ஒருவன் எதை எதைத் தாண்டுகிறான் என்பதை இதில் படித்தறியலாம். அடும்பு இல்லாத மணலில் அலைக்கு இன்னும் உரிமை உண்டு. அடும்பு நன்கு வேரூன்றிய மணலுக்கு அலை அடிக்கடி வருவதில்லை. இந்த ஒரு செய்தி போதும், கூடாரத்தின் முளையை எங்கே அறையக் கூடாது என்று தெரிந்துகொள்ள. அடும்பை இன்று ஆட்டுக்கால் கொடி என்றும் அழைக்கிறார்கள். எங்கள் துறையில் எத்தனை பேருக்கு அதைக் காட்டத் தெரியும் என்று கேட்டோம். விடை மௌனம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இது வெறும் ஏட்டுப் பேச்சு என்பவர்க்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோரை ஆழிப்பேரலை கொண்டு சென்றது. தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை, புதுக்குப்பம், பிச்சாவரத்தை ஒட்டிய எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய பெயர்களை எங்கள் மாவட்டத்தில் எவரும் சாதாரணமாக உச்சரிப்பதில்லை. அடுத்த ஆண்டே, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் அவருடன் ராஜேந்திரனும் 18 கடற்கரைச் சிற்றூர்களின் இழப்பை ஒப்பிட்டு ஆய்வுரை வெளியிட்டார்கள். கரையிலிருந்து தொலைவு, தரையின் உயரம், இடையே நின்ற தாவரம் ஆகிய மூன்றும் உயிரிழப்பைக் குறைத்தன என்பது அவர்கள் முடிவு. 2006இல் கெர், பெயர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் அதே தரவை மீண்டும் கணக்கிட்டு, தொலைவையும் உயரத்தையும் கழித்துவிட்டால் தாவரத்தின் பங்கு மிகச் சிறியது என்று மறுத்தார்கள். காடு காத்ததா இல்லையா என்பது அறிஞர்களின் வழக்கு. நமக்கு வேண்டியது இரு தரப்பும் ஒத்துக்கொண்ட செய்தி: தொலைவும் மேடும் காத்தன. விளம்பரத் தாளோ தொலைவே இல்லாத, மேடே இல்லாத இடத்தைக் கூடுதல் விலைக்கு விற்கிறது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். "ஆழிப்பேரலை நூறாண்டுக்கு ஒருமுறை வருவது, அதற்காகக் கடற்கரையை விட்டு ஓடுவதா? இப்போதுதான் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறதே" என்றார் மூத்த நண்பர் ஒருவர். மையம் 2007 முதல் இயங்குவது உண்மை. எச்சரிக்கை கைப்பேசிக்கு வரும் என்பதும் உண்மை. நள்ளிரவில் உறங்கும் நாற்பது பிள்ளைகளை எழுப்பி, இருட்டில், கால் புதையும் மணலில், வழி தெரியாத ஊரில் மேட்டுக்கு ஓட்டிச் செல்ல வேண்டியது மையமா, நாமா? மேலும் கடல் கொல்வதற்குப் பேரலை தேவையில்லை. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் மாண்டார்கள். அன்று புயலுமில்லை, மழையுமில்லை. எங்கோ தொலைவில் எழுந்து, முன்னறிகுறி இன்றிக் கரையில் ஏறும் பெருக்கைத் தென்கடலோரத்தார் கள்ளக்கடல் என்கிறார்கள். அதற்கான எச்சரிக்கையும் அந்நாட்களில் விடுக்கப்பட்டே இருந்தது. ஆசிரியராக இருக்கும் எவரும் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு 'நூறாண்டுக்கு ஒருமுறை' என்று சொல்ல மாட்டார்.

"சட்டமே அனுமதிக்கிறதே" என்பது இரண்டாவது வாதம். கடற்கரை ஒழுங்காற்று மண்டலம் பற்றிய 2019ஆம் ஆண்டு அறிவிக்கை, தற்காலிகச் சுற்றுலா வசதிகளை உயர் ஓதக் கோட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி அமைக்க இடம் தருகிறது என்பது மெய்தான். ஆனால் அது பகலில் வந்து போகும் மக்களுக்கான குடிலுக்கும் கழிப்பறைக்கும் உடை மாற்றும் அறைக்கும் வகுத்த குறைந்தபட்ச எல்லை. உறங்குமிடத்துக்குச் சொன்ன அறிவுரையாக அதைக் கொள்வது, தேர்ச்சி மதிப்பெண்ணையே முதல் மதிப்பெண்ணாகக் கொண்டாடும் மாணவனின் வழக்கம்.

மூன்றாவது வாதம்தான் எங்களைச் சினங்கொள்ளச் செய்தது. "இங்கிலாந்தில் கடலோரம் முழுக்கக் கூடாரந்தான். அவர்களுக்கில்லாத பயமா?" அவர்களுக்கு அந்தப் பயம் உண்டு. அதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1930களில் இலண்டன் உழைப்பாளிகளின் விடுமுறைக்கென எசெக்ஸ் கடலோரத்தில் ஜேவிக் என்ற இடத்தில் தாழ்ந்த நிலத்தில் சிறு சிறு மரக்குடில்கள் எழுந்தன. பின்னர் பலர் அவற்றிலேயே ஆண்டு முழுதும் தங்கலானார்கள். 1953 சனவரி 31 இரவு வட கடல் பொங்கி உள்ளே வந்தபோது இங்கிலாந்தில் 307 பேர் இறந்தார்கள். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்த ஜேவிக்கில். 1960இல் வந்த சட்டத்தின்படி, வண்டி வீடுகளை நிறுத்தும் விடுமுறை நிலங்கள் அங்கே உள்ளாட்சியின் உரிமம் பெற வேண்டும். வண்டிகளுக்கிடையே இடைவெளி, தண்ணீர், கழிப்பறை, தீயணைப்பு ஆகியவற்றுக்கு நிபந்தனை உண்டு. நாம் அவர்களிடமிருந்து படத்தை எடுத்துக்கொண்டோம். நிபந்தனைகளை அங்கேயே விட்டுவிட்டோம்.

உயிரச்சம் ஒருபுறம் இருக்கட்டும். கரையில் நம்மைத் தவிர வேறு எவரும் இல்லை என்ற நினைப்பே பண்பற்றது. நாங்கள் இடம் பார்க்கச் சென்ற ஊரில், விளம்பரத் தாளில் கண்ட அதே போன்ற மணலைக் காட்டி ஒரு பெரியவரிடம் கேட்டோம். வலையில் விழுந்த கிழிசலைத் தைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "அது வலை காயிற எடம் சார். விடியக்காலை மூணு மணிக்குப் படகு தள்ளுவோம். உங்க பசங்கள அங்க படுக்க வச்சிட்டு நாங்க எப்படிப் போறது?" நாங்கள் வெற்று மணல் என்று கண்டது அவருக்குத் தொழிற்கூடம். எங்கள் வகுப்பறையில் எவரேனும் கூடாரம் அடித்தால் நாம் விடுவோமா?

இன்னும் இருக்கிறது. சனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை இதே மணலில் இரவில் ஏறி முட்டையிடும். ஏறத்தாழ 45 முதல் 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும். வெளிச்சத்தைப் பார்த்துக் கடலைக் கண்டறியும் அந்தக் குஞ்சுகளை நம் தீமூட்டலும் விளக்குச் சரங்களும் ஊர்ப்பக்கம் திருப்பிவிடும். நாம் கொண்டாட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கும் மாதங்கள் அதற்குப் பேறுகாலம். மணலுக்கடியில் மழைநீர், உப்பு நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. கடலோர ஊர்களின் ஊற்றுக்கும் கிணற்றுக்கும் அதுவே ஆதாரம். அதன்மேல் நாற்பது பேருக்குக் குழிக் கழிப்பறை தோண்டுவது, விருந்துக்குப் போன வீட்டின் தண்ணீர்க் குடத்தில் கை கழுவுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் கடற்கரைக்கே போக வேண்டாமா? அந்தக் கருத்து எங்களுக்கில்லை. விடுதி அறைக்குப் பணம் தர இயலாத எங்கள் மாணவர்களுக்குக் கூடாரம் ஒரு வரம். செம்மண்ணில் பிறந்த பிள்ளை ஓர் இரவேனும் அலையோசை கேட்டு உறங்க வேண்டும். எங்கே என்பதுதான் வழக்கு. எங்கள் விடை எளியது: எக்கருக்குப் பின்னே, கானல் இருந்த இடத்தில். புன்னை போய்ச் சவுக்கு வந்துவிட்ட காலமாயினும் இடம் அதுவே. இறுதியில் அப்படித்தான் செய்தோம். மாசி மாதத்தில், மணல் மேட்டுக்கு இப்புறம், ஒருவருக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பின் ஓரத்தில், அவரிடமும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் கேட்டுக்கொண்டு கூடாரம் அடித்தோம். பார்த்தவை இவ்வளவே: காய்ந்த கடற்பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் கோடு எங்கே, அமாவாசை பௌர்ணமியில் ஓதம் எதுவரை ஏறும், மேட்டுச் சாலைக்கு எத்தனை நிமிட நடை, குடிநீர் எங்கிருந்து, கழிப்பறை எவர் வீட்டில். தலைக்குமேல் பட்ட கிளை இல்லாத இடமாகப் பார்த்தோம். சிறிய முளை மணலில் நிற்காதென்று, மணல் நிரப்பிய சாக்குகளைப் புதைத்துக் கயிற்றைக் கட்டினோம். உதிர்ந்த சவுக்கு இலை பஞ்சுபோல் பற்றும் என்பதால் தீ மூட்டவில்லை. வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி, கார்த்திகையில் இந்த இடமும் ஆகாது என்று ஊரார் சொன்னதைக் குறித்துக்கொண்டோம்.

படம் சிறப்பாக விழவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். கூடாரத்திலிருந்து கடல் தெரியவில்லை. ஓசை மட்டும் இரவெல்லாம் வந்துகொண்டிருந்தது. விடியலில் மேடேறியபோது மாணவி ஒருத்தி குனிந்து ஊதாப் பூவொன்றைத் தொட்டு, "ஐயா, இதுதானே அடும்பு?" என்று கேட்டாள். பெரியவரின் பேரன், "ஆட்டுக்கால் கொடிக்கா" என்று திருத்தினான். இருவரும் சரி.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று ஆண்டுதோறும் நடத்துகிறோம். காத்திருப்பவளின் இரக்கம் அது. 2004க்குப் பின் கடலூர்க் கரையில் அந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்ல எங்களுக்கு நா எழுவதில்லை. ஆகவே அடுத்த விளம்பரத் தாள் உங்கள் மேசைக்கு வரும்போது, பணம் கட்டும் முன் ஒருமுறை அந்த ஊருக்குப் போய் வாருங்கள். வலை தைப்பவரிடம் கேளுங்கள். அவர் 'வேண்டாம் சார்' என்று சொல்லும் இடத்தில், எவ்வளவு அழகாக இருந்தாலும், நம் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.