முதலாளியும் அவர்களே, நடுவரும் அவர்களே

புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. ஜவுளி மில்லை 2020 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நிரந்தரமாக மூடினார்கள். மறுநாள் மே தினம். தேதி குறித்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூட அது உறைக்கவில்லை. இந்த முடிவு எத்தனை அலட்சியமாக எடுக்கப்பட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை.

1898இல் எழுந்த ஆலை இது. முதலியார்பேட்டை, உப்பளம், வாணரப்பேட்டை, வம்பாகீரப்பாளையம் பக்கம் பழைய ஆட்களைக் கேட்டால் இன்றைக்கும் ரோடியர் மில் என்றுதான் சொல்வார்கள். மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் பல வீடுகளில் அடுப்பு பற்றவைப்பார்கள். ஏழாயிரம் பேர்வரை வேலை பார்த்த காலம் உண்டு. இங்கே நெய்த துணி கப்பலேறிப் போய் ஐரோப்பியச் சந்தையில் விலை போனது. 1980களில் தனியார் நிர்வாகம் ஆலையை நட்டாற்றில் விட்டது. தொழிலாளர்கள் விடாமல் போராடினார்கள். அரசே ஏற்றுக்கொண்டு, பாண்டிச்சேரி டெக்ஸ்டைல் கார்ப்பரேஷன் என்ற பெயரில் நடத்தியது. அன்றைக்கு ஊருக்கு ஒரு நம்பிக்கை வந்தது. தனியார் முதலாளி இன்றைக்கு இருப்பான், நாளைக்குக் கணக்கை முடித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போவான். அரசு எங்கே போகும் என்று நினைத்தார்கள். இருந்த இடத்தில் இருந்துகொண்டே கைவிட அரசாலும் முடியும் என்பதை இப்போது பார்க்கிறோம்.

நஷ்டம் என்றார்கள். கணக்கில் நஷ்டம் இருந்தது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த நஷ்டம் எப்படி வந்தது என்பதைப் பேச ஒருவரும் தயாராக இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. ஆலைக்கு விழுந்த அடி சாதாரணமானதல்ல. தனியார் ஆலையாக இருந்தால் முதலாளி வங்கிக்கு ஓடியிருப்பார், காப்பீட்டுக்காரரைப் பிடித்திருப்பார், பழுதான எந்திரத்தைக் கழற்றிவிட்டு மிச்சத்தையாவது ஓட்டியிருப்பார். இங்கே கோப்பு மட்டும் ஓடியது. புயலுக்குப் பிறகு இரண்டு ஆண்டுகூட முடியவில்லை, 2013 நவம்பரில் லே-ஆஃப் அறிவித்துவிட்டார்கள். அன்றோடு ஓட்டம் நின்றது. ஆறு ஆண்டுக்கு மேலாக ஒரு மீட்டர் துணி நெய்ய விடாமல் வைத்துவிட்டு, வருமானம் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

இந்த லே-ஆஃப் பற்றித்தான் நாம் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடுவது ஒரு நாள் முடிவு. இது ஆறு ஆண்டுக் கொடுமை.

லே-ஆஃப் என்பது தற்காலிக ஏற்பாடு. பஞ்சு வந்துசேரவில்லை, மின்சாரம் இல்லை, எந்திரம் பழுது என்று ஏதோ ஒரு காரணத்தால் சில நாளோ சில வாரமோ வேலை கொடுக்க முடியாமல் போகும் நிர்வாகத்துக்காக அன்றைய தொழில் தகராறு சட்டம் வைத்திருந்த வழி. அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதில் பாதி. அந்தப் பாதியை வாங்கவும், வேலை நேரத்தில் தினம் ஒருமுறையாவது ஆலைக்கு வந்து ஆஜராக வேண்டும் என்று அதே சட்டம் சொன்னது. வேலை இல்லை என்று தெரியும். ஆனாலும் வர வேண்டும். வந்துவிட்டுப் போனால் பாதிக் கூலி. சில வாரங்களுக்கு என்று எழுதிய ஏற்பாட்டை ஆறு ஆண்டு, ஏழு ஆண்டு என்று இழுத்தால் அதற்குப் பெயர் லே-ஆஃப் இல்லை. ஆட்களை வேலையைவிட்டு அனுப்பாமலே அனுப்புவது அது.

2013இல் நாற்பத்தைந்து வயதில் தறி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அன்று அவர் மகள் எட்டாம் வகுப்பு. அந்தப் பாதிச் சம்பளத்தில்தான் அவள் பத்தாவது எழுதியாக வேண்டும், பன்னிரண்டாவது எழுதியாக வேண்டும், கல்லூரிக்குப் போயாக வேண்டும். வாடகை பாதியாகவில்லை. மளிகைக் கடைக்காரர் பாதி விலைக்கு அரிசி தரவில்லை. வேறு வேலைக்கு முழுதாகப் போய்விடலாம் என்றால், மில் வேலை கையைவிட்டுப் போகும்; அதோடு இருபது, இருபத்தைந்து ஆண்டுச் சேவைக்கு உரிய பலனும் சிக்கலாகும். அதனால் காலையில் மில் வாசலில் தலையைக் காட்டிவிட்டு, மீதி நேரத்துக்குக் கிடைத்த வேலை: வாட்ச்மேன், ஷேர் ஆட்டோ, கல்யாண மண்டபத்தில் பரிமாறல். நூல் அறுந்தால் சத்தத்தை வைத்தே எந்தத் தறி என்று சொல்லக்கூடிய கை அது. அந்தக் கையை ஆறு ஆண்டு சும்மா வைத்து, ஐம்பதைத் தாண்டிய வயதில் வெளியே போ என்றார்கள். எந்த ஆலையில் அவரைச் சேர்ப்பார்கள்?

அந்தப் பாதிச் சம்பளமாவது ஒழுங்காக வந்ததா? அதுவும் கிடையாது. கோப்பு செயலகத்திலிருந்து துணைநிலை ஆளுநரின் ராஜ்நிவாஸுக்குப் போகும், கேள்வியோடு திரும்பும், பதில் எழுதி மறுபடி போகும். ஒரு பக்கம் நிதி ஒதுக்கினோம் என்பார்கள், இன்னொரு பக்கம் ஓடாத ஆலைக்கு மக்கள் பணத்தை ஏன் கொடுக்க வேண்டும் என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் ஆலையை ஓட்டச் சொல்லியும் உத்தரவு போடவில்லை. நடுவில் நின்ற தொழிலாளர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தெருவில் உட்கார்ந்து கோஷம் போட்ட பிறகுதான் ஏதோ ஒரு பகுதி வந்தது. அதிகாரம் யாருக்கு என்ற சண்டையை நீதிமன்றத்தில் போட்டுக்கொள்ளட்டும்; அதற்கு ஆலைத் தொழிலாளியின் சோற்றுத் தட்டு களமாக இருந்திருக்கக் கூடாது.

இதில் அடிப்படையான ஒரு கோணல் இருக்கிறது. அன்றைய சட்டப்படி, நூறு பேருக்குக் குறையாத தொழிலாளர்கள் உள்ள ஆலையை ஒரு முதலாளி மூட நினைத்தால், தொண்ணூறு நாளுக்கு முன்பே அரசிடம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. காரணம் உண்மையா, போதுமானதா, பொதுநலனுக்கு என்ன ஆகும் என்று தொழிலாளர் தரப்பையும் கேட்டுவிட்டு அரசு முடிவு சொல்ல வேண்டியிருந்தது. மனம்போன போக்கில் மூடும் முதலாளியிடமிருந்து தொழிலாளியைக் காக்கத்தான் அந்த விதி. இங்கே மூட விரும்பியவர் அரசு. அனுமதி கொடுப்பவரும் அரசு. அடுத்த மாடியில் இருக்கும் துறைக்கு ஒரு கடிதம் போனால் வேலை முடிந்தது. தனியார் முதலாளி இதே போல ஆறு ஆண்டு லே-ஆஃபில் வைத்திருந்தால் இதே அரசின் தொழிலாளர் துறை அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கும், ஏற்றியிருக்கவும் வேண்டும். தன் ஆலை என்றதும் சட்டத்தின் கண் மூடிக்கொள்கிறது.

இந்த மண்ணில் இதைச் செய்வது இன்னும் உறுத்துகிறது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் படை சுட்டதில் 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டதும் சங்கம் வைக்க உரிமை கேட்டதும் அவர்கள் செய்த குற்றம். வ. சுப்பையா போன்றவர்கள் முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக, அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசு இறங்கிவந்து எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்கியது. அந்நிய ஆட்சிகூட ஓராண்டில் இறங்கிவந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஜூலை 30க்கும் நம் தலைவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் தியாகிகள் சின்னத்துக்கு மாலையோடு வருகிறார்கள். அந்தத் தியாகிகள் வேலை பார்த்த சவானா, பின்னாளில் சுதேசி மில்லாகி, பாரதி மில்லோடு சேர்ந்து அரசின் கைக்கு வந்தது. அந்த இரண்டின் மோசமான நிலைமையும் ஊருக்குத் தெரியும்.

ஒரு ஆலை என்றால் காலக்கொடுமை என்று விடலாம். ஆட்சியாளர்கள் கை வைத்த மற்றவற்றைப் பாருங்கள். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அரைவை இல்லாமல் நின்றது. கரும்பு போட்ட விவசாயி வெளியூர் ஆலைக்கு லாரி பிடித்தார். அரசு நிறுவனங்களான பாசிக், பாப்ஸ்கோ ஊழியர்கள் மாதக் கணக்கில் சம்பளம் பார்க்காமல் போராட்டப் பந்தலிலேயே குடியிருந்தார்கள். சேதராப்பட்டு, கரசூர் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லி நூற்றுக்கணக்கான ஏக்கர் விளைநிலத்தை எடுத்தார்கள். மண்டலமும் வரவில்லை, விவசாயமும் போயிற்று. நிலம் முள் மண்டிக் கிடந்தது. வரிச்சலுகையைக் காட்டி அழைத்துவந்த தொழிற்சாலைகள் சலுகை முடிந்ததும் இமாச்சல், உத்தரகாண்ட் என்று கிளம்பின. சலுகை தீரும் நாளுக்கு ஒரு தயாரிப்பும் இவர்களிடம் இருக்கவில்லை.

தொடங்கியதைப் பாதியில் விடும் இந்தப் பழக்கத்தை உப்பளத்துக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1980களின் கடைசியில் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல் மணலை அது மறித்தது. தேங்கும் மணலை வடக்கே தள்ளிவிட வேண்டிய ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தவில்லை. விளைவு, நகரத்துக் கடற்கரையில் மணல் போய்க் கருங்கல் வந்தது. வடக்கே மீனவர் குப்பங்களில் வீட்டுச் சுவர்வரை கடல் வந்தது. துறைமுகத்திலோ பெரிய வணிகம் எதுவும் நடக்கவில்லை. உப்பனாற்று வாய்க்கால் மேல் காமராஜர் சாலைக்கும் மறைமலையடிகள் சாலைக்கும் இடையே தொடங்கிய பாலம் பத்து ஆண்டுக்கு மேலாகியும் அன்றைக்கு முடிந்திருக்கவில்லை. ஆட்சியில் கட்சிக் கொடி பலமுறை மாறிவிட்டது. முடிவெடுக்கும் முறை மாறவில்லை: அறிவிப்பார்கள், பாதியில் விடுவார்கள், கெட்டுப்போன பிறகு நஷ்டம் என்பார்கள், நஷ்டத்துக்குத் தொழிலாளியைக் காரணம் காட்டுவார்கள்.

ஆலையின் நிலத்தைப் பற்றியும் இப்போதே பேசிவிட வேண்டும். கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் போட்டிருக்கும்போது நின்று சுற்றிப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு புரியும். ரயில் நிலையம் எட்டும் தூரம், துறைமுகம் பக்கம், நகரின் நடுப்பகுதி. புதுச்சேரியில் இப்படி ஒரு மொத்த இடம் இனி யாருக்கும் கிடைக்காது. பம்பாயில் 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. நெசவுக்கூடங்கள் இருந்த பரேலில் இன்று வணிக வளாகங்களும் வானுயரக் குடியிருப்புகளும் நிற்கின்றன. சென்னை பெரம்பூரில் பின்னி மில் நிலத்துக்கும் அதே கதிதான். அந்த இரண்டு ஊரிலும் நெய்தவர் பிள்ளைக்கு அந்தக் கட்டடத்தில் காவல் வேலைதான் கிடைத்தது. ஆலை செத்தால்தான் நிலம் கைக்கு வரும் என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊரில் யாரும் இல்லை என்று நம்ப நாம் தயாராக இல்லை.

1960 மாடல் எந்திரத்தை எண்ணெய் போட்டு அப்படியே ஓட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஜவுளித் தொழில் மாறிவிட்டது, திருப்பூரும் வங்கதேசமும் நடத்தும் போட்டி எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் வேலை கொடுக்கும் இடமாகவே இருக்க வேண்டும். சிறிய அளவில் நெசவா, ஆயத்த ஆடையா, வேறு தொழிலா, தொழிலாளர் கூட்டுறவா என்பதைச் சங்கங்களையும் ஊரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசட்டும். முடிவு செய்த பிறகு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதைப் பேச்சுவார்த்தை என்று சொல்லக் கூடாது. 2013 நவம்பர் முதல் ஆலையின் பெயரில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது, அதில் தொழிலாளி கைக்கு வந்தது எவ்வளவு என்ற கணக்கையும் வெளியே வைக்கட்டும்.

அதுவரை ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஆலை மூடினால் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் இழப்பீடு, அது போகக் கிராஜுவிட்டி தனி என்பது சட்டம். லே-ஆஃபில் இருந்த ஆண்டுகளும் சேவைதான். அந்தக் கணக்கைப் பாதிச் சம்பளத்தை வைத்தோ, 2013இல் நின்றுபோன சம்பளத்தை வைத்தோ போடக் கூடாது; ஆலை ஓடியிருந்தால் மூடிய நாளில் என்ன வாங்கியிருப்பாரோ அதை வைத்துப் போட வேண்டும். பணத்தை மொத்தமாக, தவணை சொல்லாமல், அரசுக் கருவூலத்திலிருந்து கொடுக்க வேண்டும். நிலத்தை விற்றால்தான் உங்கள் பாக்கி வரும் என்று சொல்லி, தொழிலாளியின் பசியைக் காட்டி நில விற்பனைக்கு ஊரின் சம்மதத்தை வாங்கும் வேலையில் யாரும் இறங்க வேண்டாம்.