மாலத்தீவு போகிறவர்களுக்கு

கல்யாணம் முடிந்தால் குற்றாலம், கொடைக்கானல் என்றிருந்த ராஜபாளையத்துக்காரர்களுக்கும் இப்போது மாலத்தீவு ஆசை வந்துவிட்டது. கடலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடி போன்ற தண்ணீர், காலடியில் மீன்கள்!

ஆனால், 1972-ல் சுற்றுலா தொடங்கிய அந்த நாட்டில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பதுதான் வழக்கம். அங்கே ஊரும் இல்லை, தெருவும் இல்லை. மூன்றாம் நாளே அலுத்துவிடும். வேடிக்கை என்னவென்றால், தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போகும் காய்கறியை அங்கே டாலர் கொடுத்துச் சாப்பிட வேண்டும்!

2009-க்குப் பிறகு மக்கள் வாழும் தீவுகளிலும் விடுதிகள் வந்துவிட்டன. செலவு குறைவு. மது கிடையாது, அதுவும் நல்லதே. அங்கே தங்கலாமே?

செண்பகத்தோப்புக்குக் குளிக்கப் போகிறவர்கள்கூட, ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் பால்கோவா வாங்கி, நாலு பேரிடம் பேசிவிட்டுத்தானே வீடு திரும்புகிறார்கள்?