மூப்பு ஒரு நோயின் பெயர் அன்று

சென்ற மாதம் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, மூத்த வாசகரும் எங்கள் நண்பருமான ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "பூனைக்கு சலைன் ஏத்துறீங்களாமே, உண்மையா?" ஆம் என்றோம். "மனுஷனுக்கே டயாலிசிஸ் கிடைக்காத நாட்டுல இது ஆடம்பரம் இல்லையா? அதுக்கு வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். அன்றைய கூட்டத்தில் அவர் அரைமணி நேரம் பேசியது சிற்றுயிர்கள்மீது நவீனக் கவிதை கொண்டிருக்கும் பரிவைப் பற்றி என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

அவர் கூற்றில் இரண்டு வாதங்கள் உள்ளன: பூனைக்கு வயதாகிவிட்டது என்பது ஒன்று, மருத்துவம் ஆடம்பரம் என்பது மற்றொன்று. இரண்டையும் மறுக்கிறோம். முதல் பிழையை நாங்களே செய்திருப்பதால் அதிலிருந்து தொடங்குவதே முறை.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர்கள். தொல்காப்பிய மரபியலை ஆண்டுதோறும் நடத்துகிறோம். வெருகின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்பார் தொல்காப்பியர். ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் என்று அவ்வியல் விரிந்து செல்லும். விலங்கின் முதுமைக்கென ஒரு பெயர்வரிசை அங்கே இல்லை. இலக்கணம் விட்ட இடத்தை நம் வீடுகள் ஒரே சொல்லால் நிரப்பிவிட்டன. பூனை மெலிந்தால் வயது. உண்ண மறுத்தால் வயது. நுரைநுரையாக வாந்தியெடுத்தால் அதுவும் வயது.

எங்கள் சாம்பல் அப்படித்தான் போனான். பதின்மூன்று வயது. கடைசி ஆண்டில் நிறைய நீர் குடித்தான். நல்ல பழக்கம் என்று மகிழ்ந்தோம். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டபோது பால் கூடுதலாக வைத்தோம். ஒருநாள் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவனைக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்பதைத் தாண்டியிருந்தது. "எத்தனை மாசமா இப்படித் தண்ணி குடிக்குது?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. எங்களுக்குத் தெரியவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் எங்களோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த உயிர்! நான்காம் நாள் இறந்தான்.

பிறகுதான் படித்தோம். வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசிய, வட ஆப்பிரிக்க வறண்ட நிலங்களின் காட்டுப்பூனை. தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியை இரையின் உடலிலிருந்தே பெற்று, செறிந்த சிறுநீராகச் சிறிதளவே கழித்து வாழப் பழகிய இனம். அப்படிப்பட்ட உயிர் நீர்க்கிண்ணத்தின் முன் நெடுநேரம் குனிந்து நிற்கிறது என்றால் அது நற்பழக்கம் அன்று, முறையீடு. சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகே சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குன்றுகிறது. நான்கில் மூன்று பங்கு போன பிறகே கிரியாட்டினின் ஏறுகிறது. (நீரிழிவும் தைராய்டு மிகைச் சுரப்பும் இதே தாகத்தைத் தரும், எதுவென்று சோதனைதான் சொல்லும்.) ஐரிஸ் என்னும் பன்னாட்டு அமைப்பு இந்நோயை நான்கு நிலைகளாக வகுத்திருக்கிறது. பூனைக்குக் கிரியாட்டினின் 1.6 முதல் 2.8 வரை இரண்டாம் நிலை, 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. 2015 முதல் புழக்கத்தில் உள்ள எஸ்.டி.எம்.ஏ. சோதனை, கிரியாட்டினின் ஏறுவதற்கு முன்பே சரிவைக் காட்டக்கூடியது. இரண்டாம் நிலையில் கண்டறியப்பட்ட பூனைகள் பல, ஆண்டுக்கணக்கில் நலமாக வாழ்கின்றன. 'வயசாயிடுச்சு' என்று நாம் பெருமூச்சு விடுகையில் கைநழுவிப் போவது அந்த இரண்டாம் நிலைதான்.

பொன்னிக்குப் பதினோரு வயதில் 2.6 இருந்தபோது கண்டுபிடித்தோம். இன்று பதினான்கு வயது. இப்போது 3.8.

இங்கே இன்னொரு கூட்டத்தாரையும் சொல்ல வேண்டும். விட்டுவிடச் சொல்பவர்களைவிட அன்பால் கொல்பவர்கள் ஆபத்தானவர்கள். சிறுநீரக நோயா, அப்படியானால் கறியை நிறுத்து, தயிர்சோறு போடு என்று எங்களுக்கு அறிவுரை வந்த வண்ணம் இருக்கிறது. பூனை ஊன் உண்டு மட்டுமே உயிர்வாழும் விலங்கு. தயிர்சோறு அதற்குப் பத்தியம் அன்று, பட்டினி. புரதத்தைக் கண்டபடி குறைத்தால் தன் தசையையே தின்று மெலியும். சில நாள் முழுப்பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகும். முதன்மையாகக் குறைக்க வேண்டியது பாஸ்பரஸ். அதற்கென்று செய்யப்பட்ட சிறுநீரக உணவு உண்டு. உலர்ந்த உணவில் பத்து விழுக்காடு அளவே நீர் என்பதால், ஈர உணவு கிடைத்தால் இன்னும் நன்று. பொன்னி புதிய உணவை மூன்று வாரம் முகர்ந்து பார்த்துத் திரும்பினாள். பழையதில் ஒரு விரல்நுனி அளவு கலந்து, கூட்டிக் கூட்டித்தான் பழக்கினோம். ஊர் மருந்துக்கடையில் கேட்டு மனிதர் மாத்திரையைக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும் என்பதை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறோம்.

இரத்த அழுத்தத்தைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை. இந்நோயில் அழுத்தம் ஏறினால் விழித்திரை பிரிந்து, ஒரே இரவில் பார்வை போய்விடக்கூடும். காலையில் சுவரில் முட்டிக்கொள்ளும் பூனையைப் பார்த்து அதற்கும் வயதைத்தான் சொல்வோம்.

இனி அந்த ஆடம்பரம். நாங்கள் ஏற்றுவது சலைன்கூட அன்று; ரிங்கர் லாக்டேட். மனிதர்களுக்கு ஏற்றும் அதே பாட்டில். கைச்சூட்டு வெதுவெதுப்பில் வைத்து, பிடரித் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, அதனடியில் ஊசியைச் செலுத்தி, மருத்துவர் சொன்ன அளவான நூறு மில்லியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றுகிறோம். பத்து நிமிட வேலை. உடலில் நீர் வற்றும் நிலை வந்தபோதுதான் அவர் இதைத் தொடங்கச் சொன்னார். எல்லாப் பூனைக்கும் இது வேண்டியதில்லை, இதயம் பழுதான பூனைக்குத் தீங்கும் செய்யும். அரை லிட்டர் பாட்டில் ஒன்றின் விலை, அன்று கூட்டம் முடிந்து நண்பரும் நாங்களும் சேர்ந்து தின்ற பஜ்ஜிக்கும் குடித்த காப்பிக்கும் கொடுத்ததைவிட அதிகமில்லை. சோதனைகளும் உணவும் செலவுதான், மறுக்கவில்லை. அதை ஏற்க இயலாதவர்மீது எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீரளவைக் கவனிக்கவும் மாதம் ஒருமுறை எடை பார்க்கவும் காசு வேண்டாம். ஆனால் இயன்றவர் மனிதனுக்கே டயாலிசிஸ் இல்லையே என்று சொல்வது வேறு. மனிதனுக்கு அது கிடைக்காதது பொன்னி அதைக் குடித்துத் தீர்த்ததால் அன்று. 2016இல் அறிவிக்கப்பட்ட தேசிய டயாலிசிஸ் திட்டம் தம் மாவட்ட மருத்துவமனையில் எப்படி நடக்கிறது என்று நண்பர் ஒருநாளும் விசாரித்ததாக நாங்கள் அறியோம். ஏழை நோயாளி அவருக்கு நினைவு வருவது எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசும்போது மட்டும்தான்.

இந்நோய் தீராது. அழிந்த சிறுநீரகத் திசு மீளாது. பொன்னி உணவை வெறுத்து, தன் மயிரை நக்கித் தூய்மை செய்வதையும் நிறுத்திவிடும் நாள் வரும். அன்று ஊசியை நாங்களும் நிறுத்துவோம். அந்த முடிவைக்கூட அவளைப் பார்த்துத்தான் எடுப்போம், அவள் வயதைப் பார்த்து அன்று.

நண்பர் வீட்டிலும் ஒரு பூனை உண்டு. பன்னிரண்டு வயது. இரண்டு வாரங்களுக்கு முன் போயிருந்தபோது அது குளியலறை வாளியின் விளிம்பில் முன்கால்களை ஊன்றி நீர் குடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் கடிகாரத்தைப் பார்த்தோம். அவர் புதிதாக வாங்கிய கவிதைத் தொகுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த வாரமே இரத்தமும் சிறுநீரும் சோதித்துவிடுங்கள் என்றோம். சிரித்தார். அதனால்தான் இதை எழுத நேர்ந்தது.