போலிச் சான்றிதழில் பிடிபட்டவருக்கு மீளும் வழி உண்டா?

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழை பொய்த்தால் பருத்தியும் உளுந்தும் பொய்த்துவிடும். தீப்பெட்டி ஆலை, நூற்பாலை, கடலைமிட்டாய்த் தொழில் ஆகியவற்றைத் தாண்டி நிலையான வருமானம் தேடும் இளைஞர் பெருநகரத்தையோ வளைகுடாவையோ நாடுகிறார். கையில் தொழில் இருந்தும் அதை மெய்ப்பிக்கத் தாள் இல்லாதபோது, தரகரின் போலி அனுபவச் சான்றிதழ் எளிய வழியாகத் தோன்றுகிறது.

அது நெடுநாள் மறைந்திருப்பதில்லை. வருங்கால வைப்பு நிதிக்கு 2014 முதல் ஒருவருக்கு ஒரே எண் வழங்கப்படுவதால், அவர் எந்த நிறுவனத்தில் எத்தனை காலம் பணியாற்றினார் என்பது பதிவில் நிற்கிறது. "தரகர்தான் தந்தார்" என்ற சமாதானமும் எடுபடாது. போலி என்று அறிந்தே பயன்படுத்தியவரை, அதைத் தாமே தயாரித்தவரைப் போலவே சட்டம் தண்டிக்கிறது. ஏமாற்றும் நோக்கில் ஆவணம் புனைவதற்கு 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

பிடிபட்டவருக்கு உறவினர் கூறும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: "ஊரை மாற்று, இதை எங்கும் சொல்லாதே." இது முதல் பொய்யைக் காக்க இரண்டாம் பொய்யைத் தேடுவதாகும். பாவத்தை விடுதல், வருந்துதல், மீண்டும் செய்வதில்லை என உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றுடன், அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதை உரியவரிடம் சேர்ப்பதையும் தவ்பாவின் நிபந்தனையாக இமாம் நவவி (ரஹ்) எழுதியுள்ளார்கள். இங்கே ஏமாற்றப்பட்ட முதலாளியும், மெய்யான சான்றிதழுடன் வாய்ப்பிழந்த இன்னோர் இளைஞரும் இருக்கின்றனர். ஆகவே தொழுகை விரிப்பில் சிந்தும் கண்ணீரோடு கடமை முடிவதில்லை. நிறுவனத்திடம் உண்மையை ஒப்புக்கொள்வதும், அடுத்த நேர்முகத்தில் கேட்டால் மறைக்காமல் சொல்வதும் தவ்பாவின் பகுதியே.

ஹிஜ்ரி 9இல் தபூக் போருக்குச் செல்லாத பலர் பொய்க் காரணம் கூறித் தப்பினர். கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ தமக்குத் தக்க காரணம் இல்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். 50 நாட்கள் ஊரே அவர்களுடன் பேசவில்லை. மன்னிப்பு இறங்கிய அன்று அதே மக்கள் வாழ்த்த ஓடி வந்தனர். அந்த விலக்குக்கு ஒரு முடிவு இருந்தது என்பதே நமக்குரிய பாடம்.

2019 குரூப் 4 தேர்வு முறைகேட்டில் 99 பேருக்கு டிஎன்பிஎஸ்சி வாழ்நாள் தடை விதித்தது. தேர்வாணையம் தன் கதவை நிரந்தரமாக அடைக்கலாம். மஹல்லாவும் வியாபாரமும் திருமணப் பேச்சும் அவ்வாறே அடைபட வேண்டுமா?

இரக்கம் காட்டினால் குற்றம் பெருகும் என்போர் உண்டு. மறைத்து வாங்கித் தரும் வேலையே குற்றத்தை வளர்க்கும். நடந்ததை அறிந்தே தரும் வேலை திருத்தும். நம் கடைக்காரரும் பட்டறை உரிமையாளரும் அத்தகைய ஒருவரைச் சிறு பொறுப்பில் அமர்த்தி, ஓராண்டு கவனித்து, கண்டதை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். அதுவே அவருடைய முதல் மெய்யான அனுபவச் சான்றிதழ். படிப்பு குறைந்தவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம், ஐடிஐயில் சேரலாம், தொழில் தெரிந்தவர் முன்கற்றல் மதிப்பீட்டின் வழியே அரசுத் திறன் சான்றிதழ் பெறலாம். சம்பளம் குறைவாகவே தொடங்கும். ஆயினும் அது அச்சமின்றி உண்ணும் ஹலாலான உணவு.

உண்மை பேசும் துணிவை அவர்களுக்கும், அதை ஏற்கும் மனவிரிவை நமக்கும் அல்லாஹ் வழங்குவானாக. ஆமீன்.